ரோஸியின் முட்டிக்கு ஒரு தவக்காலம்

கார்மேல் மடம்,
திண்டுக்கல் அருகில்,
ஜனவரி 9, 2025

அன்புள்ள ரோஸி அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டிலும் ஜான் மாமாவின் படகிலும் தங்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கேக் வந்து சேர்ந்தது. பதினோரு பேரும் சாப்பிட்டோம். கூடவே ஒரு வரி எழுதி வைத்திருப்பாய் என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். கேக் தூள்தான் விழுந்தது. மதர் சிரித்துவிட்டார்கள்.

மூன்று கார்மேல் மாதா திருநாள் போய்விட்டது, அக்கா. நான் இந்த மடத்துக்கு வந்த வருஷத்திலிருந்து ஜூலை மாதத் திருநாளுக்கு நீ வராமல் இருந்ததில்லை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், பொழுது சாயும்வரை பேசுவோம். அம்மா இறந்த பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியும். அம்மா அடக்கத்துக்கு நான் வரவில்லை. நான் வரக்கூடாது என்பது இந்த மடத்து ஒழுங்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு உடம்பு கெட்டால் தவிர, உள்ளே வந்தவள் வெளியே போவதில்லை. அது தெரிந்துதான் நீயும் அம்மாவும் என்னைக் கொண்டுவந்து விட்டீர்கள். அன்று போனில் நீ மதரிடம் பேசிய பேச்சை மதர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன், உன் குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது.

கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. மார்ச் ஐந்தாம் தேதி திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. வருகிறதெல்லாம் மதருடைய மேசைக்குள் கிடக்கும் என்பது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு பதில் போடு.

உன் தங்கை,
சிஸ்டர் அமலோற்பவம்
(உனக்கு மட்டும் ஜெசி)


நொச்சிக்குப்பம்,
சென்னை,
பிப்ரவரி 2, 2025

ஜெசி,

சிஸ்டர் அமலோற்பவம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா வைத்த பெயர் ஜெசிந்தா. எட்டாவது வரை படித்த எனக்கு அதுவே எழுதப் போதும்.

கோபம் இருக்கிறதா என்று கேட்கிறாய். இருக்கிறது. அம்மா பெட்டிக்குள் கிடந்தபோது பெரியவள் நான் ஒருத்திதான் பக்கத்தில் நின்றேன். சாந்தோம் முழுக்க வந்திருந்தது. சின்னவள் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். அதை நீ நின்று பார்த்திருந்தால் தெரியும்.

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வியாபாரம் நடக்கிறது. பக்கத்துக் கடை அங்காளம்மாள் உன்னை விசாரித்தாள். மாமா நன்றாக இருக்கிறார். இந்த ஜூலையும் வர முடியுமா தெரியாது, வேலை அதிகம்.

ஒரே ஒரு பேச்சு. என் கோபம் தீரவேண்டும், ரோஸி நல்லாயிருக்க வேண்டும் என்று சொல்லி ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்காதே. வெறும் தரையில் முழங்கால் போட்டுக் கிடக்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ரோஸி


நொச்சிக்குப்பம்,
மார்ச் 6, 2025

ஜெசி,

நேற்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டிருப்பாய். இனி ஈஸ்டர் வரைக்கும் இந்தக் கடிதம் உன் கைக்கு வராது. அதற்காகத்தான் ஒரு நாள் பொறுத்திருந்து தபாலில் போடுகிறேன். மதரின் மேசைக்குள் சும்மா தூங்கட்டும்.

இப்போது சொல்கிறேன். நான் மூன்று வருஷமாக வராதது கோபத்தால் இல்லை. கோபம் இருந்தால் ரயில் ஏறி வந்து உன் முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டுப் போகிறவள் நான். என் இடது முட்டி போய்விட்டது. வீட்டுக்குள் கக்கூஸுக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்கிறேன். பார்வையாளர் அறைக்கு ஏறுகிற உங்கள் மடத்துக் கல் படிகளை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

ஏன் சொல்லவில்லை என்று குதிக்காதே. காசிமேட்டிலிருந்து வரும்போது மீன்பாடி வண்டி கவிழ்ந்து என் தொடை எலும்பு உடைந்ததே, அப்போது நீ என்ன செய்தாய்? இங்கே நான் கட்டுப் போட்டுக் கிடக்க, அங்கே நீ எனக்காகச் சோறு தண்ணீர் விட்டு, முழங்காலிலேயே நின்று, கோயிலுக்குள் மயங்கி விழுந்தாய். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அம்மா என் கட்டிலை விட்டுவிட்டு உன்னைப் பார்க்க ஓடினாள். கால் உடைந்தவள் நான், கஞ்சி குடித்தவள் நீ. இந்தத் தடவை அந்தக் கூத்து வேண்டாம்.

அந்த எலும்பு நேராகச் சேரவில்லை ஜெசி. கட்டு வைத்தியரைக் குறை சொல்ல மாட்டேன், அசையாமல் படு என்றுதான் அவர் சொன்னார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகெல்லாம் மீனோடு திரும்புகிற வாரம். வீட்டில் படுத்திருக்க முடியுமா? கட்டோடு எழுந்து ஏலத்துக்குப் போய்விட்டேன். எலும்பு தன் இஷ்டத்துக்கு வளைந்து ஒட்டிக்கொண்டது. அந்த வளைந்த காலில் கூடை சுமந்து சுமந்து முட்டி ஒரு பக்கமாகவே தேய்ந்துவிட்டது.

முதலில் பார்த்த டாக்டர், எலும்பை மறுபடி உடைத்து நேராக்க வேண்டும், அது சேர்ந்த பிறகுதான் முட்டியை மாற்றலாம் என்றார். இரண்டு ஆபரேஷன், நடுவில் மாதக்கணக்கில் படுக்கை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாமாதான் விசாரித்து மயிலாப்பூரில் இருக்கிற டாக்டர் பூஜாவிடம் கூட்டிப்போனார். சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, சாதாரணமா தொடை எலும்புக்குள்ள நீளமா ஒரு கம்பி விடுவோம். அந்தக் கம்பி எந்த நேர்ல நிக்குதோ அத வெச்சுதான் முட்டில எலும்ப வெட்டுவோம். உங்க எலும்பு வாழைக்காய் மாதிரி வளஞ்சிருக்கு. கம்பி உள்ள போகாது. போனாலும் தப்பான கோட்டதான் காட்டும்."

"அப்போ எனுக்கு முடியாதா?"

"முடியும். கம்பியே வேணாம். தொடையிலயும் கால்லயும் சின்னதா ஆணி அடிச்சு, அதுல பளபளன்னு உருண்டை மாட்டுவோம். எதிர்ல இருக்கற கேமரா அந்த உருண்டைங்கள பாக்கும். இடுப்பு எங்க, முட்டி எங்க, கணுக்கால் எங்கன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நேர்கோட்ட திரையில காட்டும். ஒரே ஆபரேஷன்."

"கம்ப்யூட்டரா வெட்டும்?" என்று கேட்டேன்.

"நான்தான் வெட்டுவேன். ஒரு கோடு தள்ளிப் போனாலும் அது சொல்லும்."

நான் மீன் அரியும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாளே, அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். சரி என்று சொல்லிவிட்டேன். காப்பீட்டு அட்டையிலேயே செய்கிறார்கள்.

மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், மதருக்குப் போன் போடக்கூடாது என்று.

ரோஸி


ஆஸ்பத்திரி,
மயிலாப்பூர்,
மார்ச் 17, 2025

ஜெசி,

நாளைக் காலை ஆபரேஷன். அங்காளம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மாமா கீழே டீ குடிக்கப் போயிருக்கிறார். யாரும் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நான் பயந்தவள் என்று மார்க்கெட்டில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. சீழ் பிடிக்கலாம், ரத்தம் கட்டலாம், சில பேருக்கு வலி முழுசாகப் போகாது என்று எல்லாம் சொன்னார். உடைந்து சேர்ந்த கால் என்பதால் மற்றவர்களைவிட எனக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாம். நல்லபடியாக நடந்தாலும் இனிமேல் தரையில் குந்தி மீன் அரியக்கூடாது. கோயிலில் முழங்கால் போடக்கூடாது.

"சாமி முன்னாடி எப்படிமா நின்னுக்கினே இருக்கறது?" என்று கேட்டேன்.

"உக்காந்து வேண்டிக்குங்க. கேக்காதா என்ன?" என்றார்.

மாமா இன்று முழுக்க ஒரே பேச்சு. "இன்னா ரோஸி, பயமா கீதா? ஒண்ணும் ஆகாது. நேரா நடந்துகினு வரப்போற." சொல்லிவிட்டு அவர்தான் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார். கடலில் எந்த அலைக்கும் அசையாத ஆள்.

நடக்க முடியாமலேயே போய்விட்டால் என்ன செய்வேன் என்றுதான் நினைப்பு. மார்க்கெட் போனால் போகிறது, அங்காளம்மாள் பார்த்துக்கொள்வாள். அந்தக் கல் படிகள்தான் எனக்கு மனதில் நிற்கின்றன. உன்னை இனிமேல் பார்க்கவே முடியாது என்று ஆகிவிடுமோ? நீயும் இறங்கி வர மாட்டாய், நானும் ஏறி வர முடியாது. எழுத்திலேயே கிழவிகளாகிச் சாகப்போகிறோமோ?

ஒன்று மட்டும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு இன்னொரு கடிதமும் மதரின் மேசையிலிருந்து உனக்கு வந்தால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். இல்லாவிட்டால், உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது பொய்யில்லை, ஆனால் பாசம் அதைவிடப் பெரிசு. இதை இப்போதே எழுதிவிடுகிறேன். நாளைக்கு நன்றாக எழுந்துவிட்டால் எழுத மாட்டேன்.

ரோஸி


ஆஸ்பத்திரி,
மார்ச் 22, 2025

ஜெசி,

உயிரோடுதான் இருக்கிறேன். போன கடிதத்தில் கடைசிப் பத்தியைப் படிக்காதே.

முதுகில் ஒரு ஊசி போட்டார்கள். அதோடு இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையது இல்லை. முன்னால் பச்சைத் துணி கட்டி மறைத்துவிட்டார்கள். தூக்கத்துக்கும் மருந்து கொடுத்தார்கள், ஆனால் பாதி நேரம் காது விழித்திருந்தது. என் காலைப் பிடித்து டாக்டர் வட்டம் வட்டமாகச் சுற்றினாராம், உரலில் மாவு ஆட்டுகிற மாதிரி. தொடை எலும்பு இடுப்பில் எந்த இடத்தில் சுழல்கிறது என்று அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமாம். எனக்குக் கேட்டது ஒன்றுதான். "யாருப்பா கேமராவ மறைக்கறது? தள்ளி நில்லுங்க!" என்று ஒரு அதட்டல். அவ்வளவு மெலிந்த பெண்ணுக்குள் அந்தக் குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நம் மார்க்கெட்டில் கடை போட்டால் பிழைத்துக்கொள்வார்.

அப்புறம் சுத்தியல் சத்தம், மிஷின் சத்தம். நான் செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது மணி என்பது மறந்து மறந்து முதலிலிருந்து சொன்னேன்.

மறுநாளே கட்டிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். வலி என்றால் வலி, மாதாவையும் மாமாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். பயிற்சி கொடுக்கிற ஃபராஸ் என்ற ஆள் வாக்கரைக் கையில் கொடுத்து, "நானி, கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்றார். அவர் வீட்டில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு அவ்வளவு வயசாகவில்லை என்று சொன்னேன். திட்டுகிற தெம்பு இருந்தால் நடக்கிற தெம்பும் இருக்கும் என்று கதவு வரைக்கும் நடத்திவிட்டார்.

நேற்று டாக்டர் புதுப் படத்தைக் காட்டினார். ஜெசி, என் எலும்பு வளைந்தபடியே இருக்கிறது. அதை யாரும் உடைக்கவில்லை, தொடவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு அவர் போட்டுக் காட்டிய கோடு முட்டியின் நட்டநடுவில் போகிறது. நான் செய்த முட்டாள்தனத்தை அப்படியே வைத்துக்கொண்டு காலை நேராக்கிக் கொடுத்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவர் வீட்டில் முட்டைகூட நுழையாதாம். மீன்காரி வேறு என்ன கொடுப்பேன்? நீ தினமும் செபத்தில் அவர் பெயரைச் சொல்லு. நம் குடும்பத்திலிருந்து சைவமாகப் போகிற பொருள் அது ஒன்றுதான்.

ரோஸி


நொச்சிக்குப்பம்,
ஏப்ரல் 13, 2025

ஜெசி,

இன்று குருத்து ஞாயிறு. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் கூட்டத்தில் இறங்கக்கூடாது என்று ஃபராஸ் சொல்லிவிட்டார். மாமாவை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன்.

பவனி நம் பிளாக்கைத் தாண்டிப் போனது. ஓசன்னா பாட்டு முதலில் தூரத்தில் கேட்டது, பிறகு கீழேயே வந்தது, பிறகு தேய்ந்து தேய்ந்து போய்விட்டது. தெரிந்த முகம் ஒவ்வொன்றும் ஓலையை ஆட்டிக்கொண்டு போகிறது. என்னால் எழுந்து போக முடியவில்லை. அழுதேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நீ வரவில்லை என்பதையே பிடித்துக்கொண்டிருந்தேன். உன்னால் வர முடியவில்லை என்பது எனக்கு இன்று, இந்த ஜன்னலில்தான் புரிந்தது. நான் கேட்ட பாட்டாவது ஜன்னலுக்குக் கீழே போயிற்று. உனக்கு அதுவும் இல்லை.

அன்று என்ன செய்தாய் என்று எழுது. தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோஸி


கார்மேல் மடம்,
ஏப்ரல் 22, 2025

ரோஸி அக்கா,

உயிர்ப்பின் மகிழ்ச்சி உன் வீட்டை நிரப்பட்டும். இப்போது திட்டப்போகிறேன்.

ஈஸ்டர் அன்று சாயங்காலம் மதர் உன் கடிதங்களைக் கட்டாகக் கொடுத்தார்கள். இத்தனையா என்று பயந்துபோனேன். தேதி பார்த்து வரிசையாகத்தான் பிரித்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கடிதம் வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. அடுத்த கடிதம் கையிலேயே இருந்தது. நீ இருக்கிறாய் என்பது அந்த உறையைப் பார்த்தாலே தெரிகிறது. இருந்தாலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் அதைப் பிரித்தேன். இனி ஒருநாளும் எனக்கு இப்படிச் செய்யாதே. நீ சாகக்கிடந்த நாளில் நான் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் புத்திசாலித்தனம் பலிக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள். எனக்காக முழங்கால் போடாதே என்று பிப்ரவரியில் எழுதினாய். அதைப் படித்ததும் உன் கோபம் எவ்வளவு ஆழம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அந்தக் கோபம் தீரவேண்டும் என்று இந்தத் தவக்காலத்தை ஒப்புக்கொடுத்து, தினமும் நற்கருணை முன்னால் வெறும் தரையில் முழங்கால் போட்டேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் இரண்டு முட்டியும் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மதர் பார்த்துவிட்டு, இனி கோயிலில் நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று கீழ்ப்படிதலின் பேரில் உத்தரவு போட்டுவிட்டார்கள். உனக்கு டாக்டர், எனக்கு மதர். இரண்டு பேரும் சாமிக்கு முன்னால் நாற்காலிபோட்டு உட்காரப் போகிறோம்.

அம்மா அடக்கத்தன்று என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. அடக்கம் நான்கு மணிக்கு என்று மதர் சொல்லியிருந்தார்கள். அன்று எனக்கு அடுப்படி வேலை. மதர் வேண்டாம் என்றார்கள், நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா வைக்கிற மாதிரியே புளிக்குழம்பு வைத்தேன். பெட்டியை எடுத்திருப்பார்கள், இப்போது கோயிலுக்குள் போயிருப்பார்கள், இப்போது மண் போடுகிறார்கள், அக்கா விழப்போகிறாள், மாமா பிடித்திருப்பார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே கிளறினேன். அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. ஒரு சிஸ்டரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

நீ கேட்டதற்கு நன்றி அக்கா. எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது, இப்போது இல்லை.

டாக்டர் பூஜாவின் பெயரைப் பதினோரு பேரும் சேர்ந்து சொல்கிறோம். ஃபராஸின் பெயரையும் சேர்த்துக்கொண்டோம்.

உன் ஜெசி


நொச்சிக்குப்பம்,
மே 11, 2025

அடியே ஜெசி,

உன்னை என்ன செய்தால் தகும்? முழங்கால் போடாதே என்று எழுதினால் போட்டே ஆகவேண்டும் என்று படிக்கிற ஒருத்தியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மதருக்கு என் கும்பிடைச் சொல். உன்னை அடக்க அவர்களால்தான் முடியும். இரண்டு முட்டிக்கும் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடு. தோட்டத்தில் குனியாதே.

குழம்பு விஷயத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து படகைப் பார்க்கப் போய்விட்டார். அந்த நேரத்தில் படகில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஜெசி, எனக்கு இனி உன்மேல் ஒரு குறையும் கிடையாது. நான் நிஜமாகவே விழப்போனேன், மாமாதான் பிடித்தார். நீ அங்கிருந்தே பார்த்திருக்கிறாய்.

மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். உயரமான ஸ்டூல் ஒன்று, முன்னால் பலகை. தரையில் குந்தி அரிகிற வேலையெல்லாம் அங்காளம்மாளுக்கு. "இன்னாக்கா, மகாராணி கணக்கா மேல குந்திக்கினு கீற? கீழ கீற ஜனம்லாம் கண்ணுக்கு தெரியுதா?" என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். நான் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் அழுதாள், அதை மறைக்கத்தான் இந்தப் பேச்சு.

இடது கால் இன்னும் கொஞ்சம் குட்டைதான். செருப்புக்குள் தடிப்பாக ஒரு அட்டை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், சரியாக இருக்கிறது. ஃபராஸ் படி ஏறச் சொல்லிக்கொடுக்கிறார். ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது ஆபரேஷன் காலை முதலில் வை என்று பாடம். ஜூலைக்குள் எல்லோரையும் போல மாற்றி மாற்றி வைத்து ஏறலாம் என்கிறார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டார். என் தங்கை ஒரு படிக்கட்டுக்கு மேலே இருக்கிறாள் என்று சொன்னேன்.

ஜூலைத் திருநாளுக்கு வரப் பார்க்கிறேன். அதற்கு முந்தின வாரம் டாக்டர் பார்த்துவிட்டுத்தான் ரயிலில் போகலாமா என்று சொல்வார். அவர் வேண்டாம் என்றால் அங்காளம்மாளை அனுப்புகிறேன், உன்னை எப்போது பார்ப்பது என்று அவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். யார் வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

ரோஸி


கார்மேல் மடம்,
ஜூலை 19, 2025

ரோஸி அக்கா,

நீ நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததாக ஜான் மாமா மதரிடம் போனில் சொன்னார். கால் வீங்கவில்லை என்றும் சொன்னாராம். ஆண்டவருக்கு நன்றி. நீ கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டு வாசம் இன்னும் அடுப்படியில் இருக்கிறது, கேரளத்து சிஸ்டர் தினமும் அதன் பக்கமாகவே போய் வருகிறார்.

திருநாளன்று நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "இன்னாடி ஜெசி, நான் உள்ள வரேன், நீ எழுந்து போற?" என்று கேட்டாய். அப்போது நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினோம், மாமாவைப் பற்றிப் பேசினோம், பொழுது போய்விட்டது. ரயிலில் அதை நினைத்து நீ மனது கஷ்டப்பட்டிருப்பாயோ என்று இப்போது எழுதுகிறேன்.

காலைத் திருப்பலி முடிந்ததிலிருந்து பார்வையாளர் அறையில் கம்பித் தடுப்பின் திரையை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சென்னையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று வாசல் சிஸ்டர் மணி அடித்துச் சொன்னார். யார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் உட்காருகிற இடத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் படிக்கட்டு. உன் கால் உடைந்த பிறகு நீ வந்த வருஷமெல்லாம் அங்கிருந்துதான் உன் வருகையைக் கேட்டிருக்கிறேன். ஒரு கால் அழுத்தமாக விழும், மற்றது கல்லை உரசிக்கொண்டு பின்னாலேயே வரும். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவாய். நீ கதவுக்கு வருவதற்குள் நான் இங்கே அழுது முடித்துக் கண்ணைத் துடைத்திருப்பேன்.

அன்று காலடி ஒரே சீராக ஏறி வந்தது. எங்கேயும் உரசவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. டாக்டர் உன்னை அனுப்பவில்லை, வருவது அங்காளம்மாள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல மனுஷி, அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், அவளிடம் அழுமூஞ்சியாக உட்காரக்கூடாது, முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்தேன். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டுத்தான் போல, நீ திரைக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டினாய். குரல் உன்னுடையது. திரையை இழுத்தால், கையில் தடிகூட இல்லாமல், நிமிர்ந்து நிற்கிறாய்.

அக்கா, உன் நடை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆண்டவருக்கு நன்றி, எனக்குத் தெரியவே இல்லை.

உன் ஜெசி